அவரில்லாமல் ஊர் பார்த்த நாள்

என் வலது கையில் ஐஸ் உருண்டை ஒன்று கரைந்துகொண்டிருந்தது. சிவப்புப் பாகு விரலிடுக்கில் வழிந்து, கண்ணாடி வளையல்களை நனைத்து, முழங்கையில் வந்து நின்று சொட்டியது. எதிரே கடல். தூரத்தில் பெரிய கப்பல்கள். அவற்றிலிருந்து சரக்கை ஏற்றிக்கொண்டு வரும் தொங்கான் படகுகள், ஒவ்வொன்றின் முகப்பிலும் வரைந்த இரண்டு கண்களோடு, எங்களையே பார்த்தபடி வந்துகொண்டிருந்தன.

“உறிஞ்சு கனகம், உறிஞ்சு. பாத்துக்கிட்டே இருந்தா தண்ணியாப் போயிடும் லா” என்று சிரித்தார் இடப்பக்கம் இருந்த பிலோமினா அக்கா.

வலப்பக்கம், பெஞ்சின் ஓரத்தில், பாதி உடம்பு காற்றில் இருக்கும்படி உட்கார்ந்திருந்தார் அவர் கணவர் சவரிமுத்து அண்ணன். மைதானத்துக்கு அப்பால் இருந்த மணிக்கூண்டைத் திரும்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, “காத்து நல்லா வருதுல்ல?” என்றார். இதே கேள்வியைக் கொஞ்ச நேரத்துக்கு முன்பும் கேட்டிருந்தார். அதற்கு முன்பும்.

சிங்கப்பூரில் எனக்கு அது முதல் நாள். ஐம்பதுகளின் பின்பாதி. என்னைக் கப்பலேற்றி வரவழைத்த என் கணவர் மட்டும் எங்களோடு இல்லை. “அவசர வேலை, சாயங்காலம்தான் வருவான்” என்று காலையில் சொல்லியிருந்தார்கள். அதை நான் நம்புவதை மத்தியானத்துக்கு முன்பே நிறுத்திவிட்டிருந்தேன்.

லீவில் நடந்த கல்யாணம்

என் கணவர் பெயர் வேலாயுதம். துறைமுகத்துக் கிட்டங்கி ஒன்றில், கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளைச் சரிபார்க்கும் வேலை. லீவில் ஊருக்கு வந்தார், என்னைக் கட்டிக்கொண்டார், லீவு முடிந்ததும் கப்பலேறிவிட்டார். பேப்பர்கள் எல்லாம் சரியாகி நான் புறப்படுவதற்குள் இரண்டு தீபாவளி போய்விட்டது. அவர் முகம் என் நினைவில் இருந்ததைவிட எங்கள் கல்யாணப் போட்டோவில்தான் அதிகம் இருந்தது.

அந்தச் சில வாரங்களில் நான் அவரிடம் பேசியதே கொஞ்சம். ஆனால் ஒரு நாள் மட்டும் எப்படியோ வாய் திறந்துவிட்டது. கோயில் திருவிழாவில் ஐஸ் கேட்டு அழுதது, பொம்பளைப் பிள்ளை தெருவில் நின்று தின்னக் கூடாது என்று அப்பா கையைப் பிடித்து இழுத்துப் போனது, சிங்கப்பூரில் தமிழ் காதில் விழுமா என்ற பயம், படகு என்றாலே வயிற்றைக் கலக்குவது, எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் சும்மா கேட்டுக்கொண்டிருந்தார். பாதியில் தூங்கிவிட்டார் என்றுகூட நினைத்தேன்.

புறப்படும் நேரத்தில் ஆளாளுக்கு எனக்குப் புத்தி சொன்னார்கள். கப்பலில் பக்கத்தில் படுத்திருந்த, ஏற்கெனவே இரண்டு தடவை போய்வந்த ஓர் அம்மாள் சொன்னதுதான் மனதில் தைத்தது.

“அங்க இருக்குற ஆம்பளைங்கள்ல பாதிப் பேருக்கு அங்கயும் ஒரு குடும்பம் இருக்கும். கேட்டா சொல்ல மாட்டாங்க. போய் இறங்கினதும் கொடியில என்ன காயுதுன்னு பாரு. கொடி பொய் சொல்லாது.”

போட்டோவும் முகமும்

கப்பலின் மேல்தளத்தில் வந்தவர்களை நேரே ஊருக்குள் விடமாட்டார்கள். அம்மை கிம்மை இருக்கிறதா என்று பார்க்கத் தீவில் சில நாட்கள் வைத்திருப்பார்கள். அதுவும் முடிந்து, படகில் வந்து துறையில் இறங்கியபோது என் கால்கள் தரையிலேயே ஆடின. எல்லாரையும் யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டு அழைத்துப் போனார்கள். நான் தகரப் பெட்டியின் மேல் கையை வைத்தபடி நின்றேன்.

வெள்ளைச் சட்டை போட்ட, கட்டையான ஒருவரும் பூப்போட்ட சேலை கட்டிய ஓர் அம்மாளும் என்னையே சுற்றிச் சுற்றி வந்தார்கள். அந்த அம்மாள் கையில் எங்கள் கல்யாணப் போட்டோ. அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இதுல மூக்குத்தி இருக்கே?” என்றார் அவர்.

“கப்பல்ல கழண்டு விழுந்துருச்சு” என்றேன். அதுதான் நான் சிங்கப்பூரில் பேசிய முதல் வாக்கியம்.

“கனகம்தானே? நான் சவரிமுத்து. வேலுவும் நானும் ஒரே கிட்டங்கி. இது என் வீட்டுக்காரி பிலோமினா” என்றார் வெள்ளைச் சட்டைக்காரர். பிறகு, ஒப்புவிக்கிற குரலில், “வேலுவுக்கு அவசர வேலை. சாயங்காலம்தான் பாக்க முடியும். அதுவரைக்கும் நாங்க ஊரைக் காட்டுறோம்” என்றார்.

முதல் நாள் மனைவி வந்து இறங்குகிறாள். அதைவிட என்ன அவசரம் இருக்க முடியும்? நான் கேட்கவில்லை. யாரிடம் கேட்பது?

கொடியில் காய்ந்தது

அவர்கள் வீடு ஜாலான் புசாரில் ஓர் இரும்புச் சாமான் கடைக்கு மேலே. வீடு என்றால் ஓர் அறை. பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு சீனக் குடும்பம் குடியிருந்தது. வேலாயுதம் வாடகைக்குப் பிடித்திருந்த அறையும் அதே மாடியில்தான், பூட்டியிருந்தது. அக்கா எனக்குக் குளிக்கத் தண்ணீர் பிடித்துக் கொடுத்தார். சுடச்சுட இட்லியும், கண்ணாடி கிளாஸில் கறுப்பாகக் கோப்பியும் கொடுத்தார்.

குளித்துவிட்டு வரும்போது கொடியைப் பார்த்தேன்.

என் கணவரின் சட்டை தொங்கியது. சந்தேகத்துக்கே இடமில்லை. அவர் ஊரைவிட்டுக் கிளம்பிய அன்று, பிய்ந்துபோன பொத்தானை நானே தைத்துக் கொடுத்தேன். வெள்ளை நூல் தீர்ந்துபோய் நீல நூலில் தைத்தேன். அந்த நீல நூல் அப்படியே இருந்தது. சட்டை அப்போதுதான் துவைத்துப் போட்டதுபோல ஈரமாக இருந்தது.

கப்பல் அம்மாள் சொன்னது காதில் விழுந்தது. பிலோமினா அக்காவின் முதுகைப் பார்த்தேன். அவர் சோற்றைப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தார். புருஷன் பக்கத்திலேயே இருக்கிற பெண், இவ்வளவு பிரியமாகச் சோறு கட்டுகிறவள், இவள் எதற்கு அவர் சட்டையைத் துவைக்கிறாள்? எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. சோற்றுப் பொட்டலத்தையும் சோடா பாட்டிலில் தண்ணீரையும் பையில் வைத்துக்கொண்டு, “கிளம்பலாமா?” என்றார் அக்கா.

தமிழ் காதில் விழும் இடம்

நடந்தே சிராங்கூன் ரோட்டுக்குப் போனோம். நான் நினைத்ததுபோல அண்ணன் என்னைக் கோயிலுக்கோ பெரிய கட்டடத்துக்கோ முதலில் கூட்டிப் போகவில்லை. தேக்கா மார்க்கெட்டுக்கு எதிர்ப்பக்கம், கடைகளுக்கு முன்னால் கூரை போட்ட அஞ்சடிப் பாதையில், மாவு மில் ஒன்றின் வாசலில் கிடந்த பெஞ்சில் உட்காரச் சொன்னார்.

“இங்க என்ன பாக்கணும்?” என்று அக்காவிடம் கேட்டேன். அண்ணனிடம் நேராகப் பேசக் கூச்சம்.

“ஒண்ணும் பாக்க வேணாம் தங்கச்சி. கேளு” என்றார் அண்ணன்.

கேட்டேன். மில்லுக்குள் மிளகாய் அரைபடும் சத்தம். அதற்கு மேலே, “அரை வீசைல்லாம் கிடையாது, இங்க காட்டி எடைதான்” என்று ஒரு குரல். “ஏம்ப்பா, நேத்து சொன்ன முருங்கைக்கா எங்க?” என்று இன்னொரு குரல். பால்காரர் ஒருவர் சைக்கிளை உருட்டிக்கொண்டே யாரையோ திட்டிக்கொண்டு போனார். எல்லாம் தமிழ். மிளகாய் நெடியில் எனக்குத் தும்மல் வந்தது, மூவருக்கும் வந்தது, மூவரும் சிரித்தோம்.

“முதல்ல தமிழ் காதுல விழுற இடத்துல உக்கார வைக்கணும்னு வேலு சொல்லியிருக்கான்” என்றார் அண்ணன். “அவன் போட்ட பிளான் இது. நான் சும்மா டிரைவர்.”

நான் சட்டென்று நிமிர்ந்தேன். அப்படியானால் தூங்கவில்லை. அன்று நான் பேசியதை எல்லாம் அவர் கேட்டிருக்கிறார்.

பெஞ்சு தேடிய இரண்டு பேர்

அந்தப் பிளானைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். என் பேப்பர் சரியாகிவிட்டது என்று தெரிந்த நாளிலிருந்து, வேலை இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் இவர்கள் இரண்டு பேரும் ஊரைச் சுற்றியிருக்கிறார்கள். எதற்கு? பெஞ்சு தேடி. எந்த இடத்தில் எந்நேரம் நிழல் விழும், எங்கே உட்கார்ந்தால் யாரும் எழுப்ப மாட்டார்கள், எந்த பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைக்கும் என்று மீசை வைத்த இரண்டு ஆண்கள் உட்கார்ந்து உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள்.

“கப்பல்ல வந்த உடம்பு, ஆடிக்கிட்டே இருக்கும். ஓட விடக் கூடாது. நாலு இடம் போதும், நாலுலயும் உக்கார இடம் இருக்கணும்” என்பது வேலாயுதத்தின் சட்டமாம். பூங்காவில் குரங்கு பார்ப்பதை அண்ணன் சேர்க்கச் சொல்லியும் நடக்க வேண்டியிருக்கும் என்று அடித்துவிட்டாராம். காசு விஷயத்திலும் இருவருக்கும் ஒரே கருத்து, கையில் இருந்தால்தானே வேறு கருத்து வரும். கடலுக்குக் காசு கிடையாது. கோயிலுக்குக் கிடையாது. சோறு வீட்டிலிருந்து. பஸ்ஸுக்கும் ஐஸுக்கும் மட்டும்தான் பையில் கைவிட வேண்டும்.

பின்னால், அறுபதுகளில், ஊரிலிருந்து என் தம்பி வந்தான், நாத்தனார் வந்தார், நாத்தனாரின் சம்பந்திகள்கூட வந்தார்கள். எல்லாருக்கும் முதல் நாள் இதே பிளான்தான். “என்னக்கா, சிங்கப்பூர்னு கூட்டிட்டு வந்து மாவு மில் வாசல்ல உக்கார வைக்கிறே?” என்று தம்பி கத்தினான். இரண்டாம் நாள் அவன் தனியாகவே மார்க்கெட்டுக்குப் போய் மீன் வாங்கி வந்தான். இப்போது யாராவது புது ஊருக்குப் போகிறேன் என்று யோசனை கேட்டாலும் இதையே சொல்கிறேன். முதல் நாள் கொஞ்சமாகப் பாருங்கள். நிறைய உட்காருங்கள்.

மாதா கோயில்

காளியம்மன் கோயிலில் நான் சாமி கும்பிட்டேன். அண்ணனும் அக்காவும் வாசலில் செருப்புகளைக் காவல் காத்தார்கள். அங்கிருந்து பஸ் பிடிக்க ரோச்சோர் கால்வாய்ப் பக்கம் நடந்தோம். வழியில் மாதா கோயில் ஒன்று. அதைப் பார்த்ததும் அக்காவின் நடை தடுமாறியது.

“இது பிளான்ல இல்லையே” என்றார் அண்ணன் மெதுவாக.

“ரெண்டு நிமிஷம். வெளிய நில்லுங்க” என்று சொல்லிவிட்டு அக்கா வேகமாக உள்ளே போனார்.

நான் வெளியே நிற்கவில்லை. அவர்கள் என் சாமிக்காக வெயிலில் நின்றார்கள், நான் அவர்கள் சாமியை ஒரு பார்வை பார்க்கலாம் என்றுதான் போனேன். உள்ளே குளிர்ச்சியாக இருந்தது. உருகிய மெழுகின் வாசனை. அக்கா முன்வரிசையில் மண்டியிட்டு, சேலை முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, கடகடவென்று எதையோ சொல்லிக்கொண்டிருந்தார். நான் பின்னால் உட்கார்ந்தேன். முதலில் சொற்கள் புரியவில்லை. பிறகு ஒரே ஒரு சொல் புரிந்தது.

வேலாயுதம்.

இன்னொரு தடவையும் வந்தது. வேலாயுதம். மாதாவிடம் போய் முருகன் பெயரை யார் சொல்வார்கள்? என் புருஷன் பெயரைத்தான் சொல்கிறார். ஒருவர் பெயரைச் சொல்லி இப்படி மண்டியிட்டுக் கேட்பது எப்போது?

காலையிலிருந்து நான் பயந்தது ஒன்று. இப்போது வந்த பயம் வேறு. கொடியில் தொங்கிய சட்டை, வராத புருஷன், நொடிக்கொரு தரம் மணி பார்க்கும் அண்ணன், எல்லாம் ஒன்றுசேர்ந்து வேறொரு முகம் காட்டியது. அங்கேயே, அந்த மரப் பலகையில் உட்கார்ந்தபடி, நான் ஒன்று நினைத்தேன். அவருக்கு இன்னொருத்தி இருக்கட்டும். நாலு பிள்ளைகூட இருக்கட்டும். ஆள் இருந்தால் போதும்.

அக்கா திரும்புவதற்குள் வெளியே வந்து நின்றுகொண்டேன்.

மறுபடியும் அந்த பெஞ்சு

மேலே மின்கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓடும் பஸ்ஸில் ஏறிக் கடலோரம் வந்தோம். மரத்தடியில் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டோம். நான் சாப்பிட்டதுபோல நடித்தேன், அவர்களும் அப்படித்தான். பிறகு, நிழல் திரும்பியதும், அண்ணன் எங்களை எழுப்பி இன்னொரு பெஞ்சுக்குக் கூட்டிப்போனார்.

“இந்த நேரத்துக்கு இங்கதான் நிழல். வேலு கண்டுபிடிச்ச பெஞ்சு. இங்கருந்து பாத்தா கடல் தெரியும், படகு ஏற வேணாம்” என்றார். ஐஸ்காரரிடம் போய் ஒன்றே ஒன்று வாங்கிவந்து என் கையில் கொடுத்தார். “ரோட்டுல வச்சுத்தான் திங்கணுமாம். ஆர்டர்.”

இந்த இடத்தில்தான் இந்த அத்தியாயத்தைத் தொடங்கினேன். ஐஸ் கரைகிறது, அக்கா சிரிக்கிறார், அண்ணன் மணிக்கூண்டைப் பார்க்கிறார். மணி அடித்தது. அக்காவின் சிரிப்பு பாதியில் நின்றது.

நான் அதுவரை அண்ணனிடம் நேராக ஒரு வார்த்தை பேசவில்லை. இப்போது திரும்பி அவர் முகத்தைப் பார்த்துக் கேட்டேன்.

“அண்ணே, அவரு உயிரோட இருக்காரா?”

அவர் துள்ளி எழுந்துவிட்டார். “ஐயோ, என்ன தங்கச்சி பேசுறே! இருக்கான். இருக்கான்மா.” இரண்டாவது ‘இருக்கான்’ கொஞ்சம் இறங்கிப்போய் வந்தது.

“அப்ப எங்க?”

அண்ணன் அக்காவைப் பார்த்தார். அக்கா கடலைப் பார்த்தார்.

“ஆஸ்பத்திரியில” என்றார் அண்ணன். “நீ தீவுல இருந்தப்பதான். ரெண்டு நாளா வயித்து வலின்னான். ஏதோ சாப்பிட்டது ஒத்துக்கலைன்னு நினைச்சோம். எங்க வீட்டுப் படியில ஏறி வந்தவன் அப்படியே சுருண்டு விழுந்து வாந்தி எடுத்துட்டான். டாக்சியில போட்டுத் தூக்கிட்டு ஓடினேன். குடல்வால் வெடிச்சிருச்சாம். ஆபரேஷன் பண்ணிட்டாங்க. ஆனா காய்ச்சல்... காய்ச்சல் இறங்கினாத்தான் சொல்ல முடியும்ங்கிறாங்க.”

“இறங்கிருச்சா?”

“நேத்து சாயங்காலம் பாத்தப்ப இறங்கல.”

சட்டை ஏன் கொடிக்கு வந்தது என்பது மட்டும் புரிந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்த, வாந்தி பட்ட சட்டையை அக்கா துவைத்திருக்கிறார். அந்த வேளையிலும் எனக்கு அக்காவின் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“சத்தியம் வாங்கிட்டான்மா. சாயங்காலம்தான் உள்ள விடுவாங்க. அதுவரைக்கும் அவ ரூம்ல உக்காந்து சுவத்தைப் பாத்து அழக் கூடாது, நம்ம பிளான்படி கூட்டிட்டுப் போ, ஊர் அவளுக்குப் பிடிக்கணும்னான். வாயைத் திறந்து பேசவே முடியல அவனால. இதை மட்டும் திருப்பித் திருப்பிச் சொன்னான்.”

“நான் வேணாம்னுதான் சொன்னேன்” என்றார் அக்கா, மூக்கை உறிஞ்சிக்கொண்டே. “அந்தப் பொண்ணு மூஞ்சியைப் பாத்துச் சிரிக்க என்னால முடியாதுன்னேன். இன்னைக்கு நான் சிரிச்ச சிரிப்பு எல்லாம் பொய் சிரிப்பு கனகம். மில் வாசல்ல தும்மினோமே, அது ஒண்ணுதான் நிசம்.”

கோபம் வந்தது. வந்தவழியே போயும்விட்டது. கையில் மிச்சமிருந்த ஐஸை என்ன செய்வதென்று தெரியவில்லை. எறிய மனம் வரவில்லை. அவர் வாங்கிக்கொடுக்கச் சொன்னது. அழுதுகொண்டே தின்று முடித்தேன். ரோட்டில் போகிறவர்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

புல்மேடு

ஊட்ராம் பக்கத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். பார்க்கும் நேரம் வரவில்லை என்று வாசலில் நின்ற ஜாகா தடுத்துவிட்டார். அண்ணன் மலாயில் கெஞ்சிப் பார்த்தார். அந்தக் காவலாளி பாவம், எங்களுக்கு உட்காரப் புல்மேட்டைக் காட்டினார்.

மூவரும் புல்லில் உட்கார்ந்தோம். எனக்கு ஏதாவது பேச வேண்டும்போல இருந்தது. “அவரு போட்ட பிளான்ல இன்னும் என்ன பாக்கி?” என்று கேட்டேன்.

“குவீன்ஸ்டவுன்” என்றார் அண்ணன். “இங்கருந்து கொஞ்ச தூரம்தான். புதுசு புதுசா அடுக்குமாடி கட்டுறாங்க. அங்க ஒரு வீட்டுக்கு எழுதிப் போட்டிருக்கான். கட்டுற இடத்தைக் காட்டி, இங்கதான் நாம இருக்கப் போறோம்னு உங்கிட்ட சொல்லணுமாம். நேரம் இருக்கு. போயிட்டு வந்துடலாமா?”

“வேணாம்ணே” என்றேன். “அதை அவரே காட்டட்டும்.”

அக்கா என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். பாகு ஒட்டிப் பிசுபிசுத்த கை.

இந்த இடத்தில் நிறுத்தி, வாசகரை ஒரு வாரம் தவிக்க விடுவது தொடர் எழுதுகிறவர்களின் சாமர்த்தியம். எனக்கு அது வேண்டாம். என் கணவர் பிழைத்தார். குவீன்ஸ்டவுனில் வீடு கிடைத்தது, கொஞ்சம் தாமதமாக. அறுபதுகளின் கடைசியில் ஜூரோங்கில் தொழிற்சாலைகள் வந்தபோது அங்கே வேலைக்கு மாறி, ஓய்வு பெறும்வரை கம்பெனி பஸ்ஸில் போய்வந்தார். மூன்று பிள்ளைகளைப் பெற்று வளர்த்தோம். ஆனால் அந்தப் புல்மேட்டில் உட்கார்ந்திருந்த இருபது வயதுப் பெண்ணுக்கு இதில் ஒன்றுமே தெரியாது. அவளுக்குத் தெரிந்ததெல்லாம், பக்கத்தில் இருந்த இரண்டு பேரும் அவளைவிட அதிகம் பயந்திருந்தார்கள் என்பதுதான்.

கட்டில்

நீளமான வார்டு. இரண்டு பக்கமும் வரிசையாகக் கட்டில்கள். டெட்டால் வாசனை. ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே நடந்தேன். எந்த முகமும் போட்டோவில் இருந்த முகம் இல்லை. கடைசிக் கட்டில்வரை போய்விட்டேன்.

“கனகம்” என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

நான் அவரைத் தாண்டிப் போயிருந்தேன். மீசையை எடுத்திருந்தார்கள். கன்னம் ஒட்டிக் கண்கள் உள்ளே போயிருந்தன. மூக்கில் குழாய். குரல் மட்டும்தான் அவருடையது.

கட்டிலருகே நின்றேன். தொடலாமா என்று தெரியவில்லை. வெள்ளைத் தொப்பி வைத்த சீன நர்ஸ் ஒருவர், அங்கே மிஸ்ஸி என்பார்கள், வந்து அவர் நெற்றியில் கைவைத்துப் பார்த்துவிட்டு, அண்ணனிடம் மலாயில், “டெமாம் சுடா தூருன்” என்று தொடங்கி இன்னும் ஏதோ சொன்னார்.

அண்ணன் வாயைப் பொத்திக்கொண்டார். “காய்ச்சல் இறங்கிருச்சாம்” என்றார் விரல்களுக்கு நடுவிலிருந்து. “மத்தியானமே இறங்கிருச்சாம்!”

மிஸ்ஸி செய்ததுபோல நானும் அவர் நெற்றியில் கைவைத்தேன். வியர்த்துக் குளிர்ந்திருந்தது.

“கை ஏன் ஒட்டுது?” என்றார் அவர்.

“ஐஸ்.”

அவர் முகம் மெல்ல மலர்ந்தது. தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் திருப்பி, “எல்லாம் காட்டினியாடா?” என்று அண்ணனைக் கேட்டார்.

“ஒண்ணு பாக்கி. தங்கச்சி வரமாட்டேன்னுடுச்சு.”

“அது உங்க பாக்கி. எந்திரிச்சு வந்து நீங்களே காட்டுங்க. இங்க சும்மா படுத்துக்கிட்டு ஆளனுப்பிப் பொண்டாட்டிக்கு ஊர் காட்டுறது என்ன பழக்கம்?” என்றேன். எங்கிருந்து வந்ததோ அந்தத் துணிச்சல்.

அவர் சிரிக்கப் போய் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். “சிரிக்க வைக்காதே. தையல் வலிக்குது.”

அண்ணனும் அக்காவும் நைசாக வெளியே போய்விட்டார்கள். அவர் கை என் வளையல்களை ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தது. பார்வையாளர்கள் கிளம்ப மணி அடிக்கப்போகிறது என்று மிஸ்ஸி சொல்லிவிட்டுப் போனார்.

“நாளைக்கு வருவியா?” என்றார்.

“வராம? இந்த ஊர்ல உங்களை விட்டா எனக்கு யாரைத் தெரியும்?”

சொல்லிவிட்டுத் திரும்பினேன். வார்டு வாசலில், சுவரைப் பார்த்தபடி நின்று, சவரிமுத்து அண்ணன் கைக்குட்டையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டிருந்தார். தோள் குலுங்கியது. அவர் முதுகைத் தட்டிக்கொண்டிருந்த பிலோமினா அக்கா என்னைப் பார்த்ததும் கையை நீட்டி, “வா கனகம், வீட்டுக்குப் போவோம். உலை வைக்கணும்” என்றார்.

இந்த ஊரில் வேறு யாரைத் தெரியும் என்று என் கணவரிடம் நான் சொன்னது தப்பு என்று தெரிந்தது. திருத்திச் சொல்வதற்குள் மணி அடித்துவிட்டது.

மறுநாள் சாயங்காலம் போனதும் முதல் வேலையாக அதைத் திருத்திச் சொன்னேன்.